பேக்கப் எடுத்தாச்சா?

மின்வெட்டைத் திட்டாத கடைக்காரர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஆனால் உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றை ஒரு மின்வெட்டு காப்பாற்றியிருக்கிறது.

2017 ஜூன் 27 அன்று கோபன்ஹேகனில் உள்ள மெர்ஸ்க் தலைமையகத்தில் கணினித் திரைகள் வரிசையாகக் கறுத்துப்போயின. நாட்பெட்யா என்ற நாசகார நிரல் நிறுவனத்தின் நெட்வொர்க் வழியே பரவி, தொட்ட வட்டையெல்லாம் படிக்க முடியாதபடி குலைத்துவிட்டது. 4,000 சர்வர்களிலும் 45,000 கணினிகளிலும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது என்று நிறுவனத்தின் தலைவர் அடுத்த ஆண்டு டாவோஸ் மாநாட்டில் சொன்னார். பெரும்பாலான தகவல்களுக்கு எங்கோ ஒரு நகல் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம், எதைத் திறக்கலாம் என்று முடிவு செய்யும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்களின் பதிவு அது. அப்படிப்பட்ட சர்வர்கள் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்கட்டும் என்று அவை தங்களுக்குள் தகவலைப் பரிமாறிச் சமப்படுத்திக்கொண்டே இருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை.

கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை.

அந்தப் பதிவை, மீட்புப் பணி நடந்த இங்கிலாந்துக்கு அனுப்ப இணையத்தின் வேகம் போதவில்லை. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை பறந்து, அங்கே விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் ஹார்டு டிஸ்க்கை ஒப்படைக்க, அவர் லண்டனுக்கு எடுத்துச் சென்றார். நூற்றுக்கணக்கான கப்பல்களை ஓட்டும் நிறுவனத்தின் தலையெழுத்து ஒரு கைப்பைக்குள் பயணம் செய்தது. கானா அலுவலகத்தில் நல்ல ஜெனரேட்டர் ஒன்று இருந்திருந்தால் அதற்கும் வழியில்லாமல் போயிருக்கும்.

இந்தக் கதை சிறுகடைக்காரருக்கு எதற்கு? அது தொடங்கிய இடத்தைப் பார்த்தால் தெரியும். நாட்பெட்யா புறப்பட்டது உக்ரைனில், எம்.ஈ.டாக் என்ற கணக்கு மென்பொருளிலிருந்து. வரிக்கணக்குத் தாக்கல் செய்ய அந்நாட்டுத் தொழில்கள் பரவலாகப் பயன்படுத்தியது அது. நம் ஊரில் டாலி எப்படியோ அப்படி. அதை உருவாக்கியது கீவ் நகரில் ஒரு குடும்பம் நடத்திய சிறு நிறுவனம். அதன் அப்டேட் சர்வருக்குள் புகுந்தவர்கள், வழக்கமான அப்டேட்டோடு விஷத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். மெர்ஸ்க்கின் ஒடெசா அலுவலகத்தில் இந்த மென்பொருள் ஏற்றப்பட்டிருந்த ஒரே ஒரு கணினி போதுமானதாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 150 சர்வர்கள். 150 நகல்கள் இருந்தும் பேக்கப் இல்லை. ஒன்றில் நடப்பது உடனே எல்லாவற்றிலும் நடக்குமென்றால் அவை அனைத்தும் சேர்ந்து ஒரே நகல்தான். இதே தவறு இன்று ஆயிரக்கணக்கான கடைகளில், யாரும் தவறென்று நினைக்காத வடிவத்தில் இருக்கிறது. “எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கு சார்” என்பார்கள். கணினியில் ஒரு ஃபோல்டரை டிரைவோடு சிங்க் செய்து வைத்திருப்பார்கள். கடைப்பையன் கைதவறி அந்த ஃபோல்டரை அழித்தால் டிரைவிலும் அழியும். கோப்பு கெட்டுப்போனால் கெட்டுப்போன கோப்பே மேலே ஏறும். அழிந்தது டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்பது பெரிய ஆறுதல். ஆனால் போன ஆண்டின் கொள்முதல் கணக்கை யாரும் 30 நாளுக்குள் தேடுவதில்லை. ஆடிட்டர் கேட்கும்போதுதான் தேடுகிறார்கள்.

கணக்கு எப்படித் தொலைகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய வகை ஹார்டு டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி போல மழமழப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தட்டின் மேல்பூச்சில் இருக்கும் நுண்ணிய காந்தப் பகுதிகளின் திசைதான் தகவல். அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியில் எழும் காற்றின் மெத்தைமீது, ஒரு சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைக் காலால் இடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். சர்வீஸ்காரர்கள் “டிஸ்க் டக் டக்குன்னு சத்தம் போடுதா?” என்று முதலில் கேட்பது இதனால்தான். அந்தச் சத்தம் பெரும்பாலும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டுவதன் அடையாளம். அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது மிச்சமிருப்பதையும் சுரண்டி எடுப்பதாகும்.

இப்போது விற்கும் எஸ்எஸ்டி-யில் சுழலும் பாகமே இல்லை. கோடிக்கணக்கான நுண்ணிய அறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டம்தான் அங்கே தகவல். வேகம் அதிகம், இடித்தாலும் தாங்கும். ஆனால் போகும்போது சொல்லிக்கொண்டு போகாத சுபாவம் அதற்கு உண்டு. கட்டுப்பாட்டுச் சில்லு செத்துவிட்டால், நேற்றுவரை நன்றாக ஓடிய எஸ்எஸ்டி இன்று காலை கணினியின் கண்ணுக்கே தெரியாது.

ஹார்டு டிஸ்க் முன்கூட்டியே எச்சரிக்குமா? ஸ்மார்ட் என்ற பெயரில் வட்டுகளுக்குள் ஒரு தன்னாய்வு ஏற்பாடு இருக்கிறது. அதை எவ்வளவு நம்பலாம் என்பதை கூகுளின் பொறியாளர்கள் 1,00,000-க்கும் மேற்பட்ட வட்டுகளைக் கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு வட்டில் முதல் ஸ்கேன் பிழை தென்பட்டுவிட்டால், அடுத்த 60 நாளில் அது செத்துப்போகும் வாய்ப்பு, பிழையில்லாத வட்டைவிட 39 மடங்கு அதிகம். ஆகவே எச்சரிக்கை வந்தால் அலட்சியம் கூடாது. மறுபக்கம், செத்துப்போன வட்டுகளில் 36 சதவீதத்துக்கும் மேல் எந்த எச்சரிக்கையும் காட்டவே இல்லை. மூன்றில் ஒன்றுக்கு மேல் சத்தமில்லாமல் போகிறது என்று அர்த்தம். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு வட்டுகள் சாகின்றன என்பது பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன் லட்சக்கணக்கான வட்டுகளை வைத்துத் தொடர்ந்து வெளியிடும் கணக்கு. அவை குளிரூட்டிய அறையில், சீரான மின்சாரத்தில் ஓடுபவை. மாவுமில்லின் மூலையில், தூசிக்கும் வெயிலுக்கும் நடுவே ஓடும் வட்டுக்கு அதே கருணை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வட்டின் சாவுக்கு அடுத்த எதிரி, கைதவறி அழிப்பது. அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை என்பது ஒரு நல்ல செய்தி. லாட்ஜில் வாடிக்கையாளர் பெயரைப் பேரேட்டில் அடித்துவிட்டாலும், அடுத்தவர் வரும்வரை அறைக்குள் அவர் விட்டுப்போன பெட்டி அப்படியே கிடக்கும். விண்டோஸ் செய்வதும் அதுதான்: கோப்பின் பதிவில் “இந்த இடம் காலி” என்று குறித்துவிடுகிறது, உள்ளே இருப்பதைத் தொடுவதில்லை. அதனால்தான் மீட்பு மென்பொருள்கள் வேலை செய்கின்றன. அதனாலேயே, முக்கியமான கோப்பு அழிந்துவிட்டது என்று தெரிந்த நொடியில் செய்யக்கூடாத காரியம், மீட்பு மென்பொருளை அதே டிரைவில் டவுன்லோடு செய்வது. பலர் பதற்றத்தில் அதைத்தான் செய்கிறார்கள். இறங்கும் மென்பொருள் போய் உட்காரும் இடம், மீட்க வேண்டிய கோப்பின் இடமாகவே இருக்கலாம்.

எஸ்எஸ்டி-யில் இந்த நல்ல செய்தியும் பாதிதான். காலியான இடங்களை வட்டுக்கு அறிவிக்கும் டிரிம் என்ற கட்டளை விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இயல்பாக இயங்குகிறது. அறிவிப்பு கிடைத்ததும் எஸ்எஸ்டி அந்த இடத்தை ஓய்வு நேரத்தில் துடைத்துவிடும். பழைய கணினியில் ஒருமுறை அழிந்த கணக்கை மீட்டுத் தந்த அதே சர்வீஸ்காரர், புதுக் கணினியில் கைவிரிப்பதற்குக் காரணம் அவருடைய திறமைக்குறைவு அல்ல.

மூன்றாவது எதிரி மின்சாரம். பில் போட்டு சேவ் செய்த நொடியிலேயே அது வட்டில் எழுதப்பட்டுவிட்டதாகத் தோன்றும். வேகத்துக்காக விண்டோஸ் சில எழுத்துவேலைகளை மெமரியில் வைத்திருந்து, சற்றுத் தாமதித்து வட்டுக்குக் கொண்டுபோகிறது. மெமரியில் இருப்பது கரண்ட் இருக்கும்வரைதான். பாதி எழுதும்போது கரண்ட் போனால், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு ஃபோல்டர்களின் கட்டுமானத்தைச் சரிசெய்துகொள்ளும். கோப்புக்குள் இருந்த பாதி பில்லுக்கு அது பொறுப்பேற்காது. மறுநாள் காலை கணக்கு மென்பொருள் பிழை காட்டி நிற்பதன் பின்னணி பல நேரங்களில் முந்தைய இரவின் மின்வெட்டு.

(மெமரி இப்படிக் காலியாவது மருந்தாகும் இடமும் உண்டு. சிக்கிக்கொண்ட பிரிண்டர் வரிசை, மெமரியை விடாமல் பிடித்திருக்கும் நிரல் என்று பல தொல்லைகள் ரீஸ்டார்ட்டில் தீர்வது இதனால்தான். ஆனால் விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியில், ஷட் டவுன் கொடுத்தால் இயங்குதளத்தின் மையப் பகுதி வட்டில் உறங்கப்போய், மறுநாள் அதே நிலையில் எழும். ரீஸ்டார்ட்தான் உண்மையில் முதலிலிருந்து தொடங்குகிறது. “தினமும் ராத்திரி ஆஃப் பண்ணித்தானே வைக்கிறேன்” என்பவருக்கும் சர்வீஸ்காரர் போனில் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்வது சாக்குப்போக்கு அல்ல.)

மின்வெட்டுக்கு யுபிஎஸ் இருக்கிறது. அதைப் பற்றித் தவறான எதிர்பார்ப்பும் இருக்கிறது. கடைகளில் வழக்கமாகக் காணும் 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட்டில் ஒரு சிறிய லெட்-ஆசிட் பேட்டரி. அதன் வேலை, கணக்கை மூடிக் கணினியை முறையாக அணைக்கச் சில நிமிடம் தருவது. அந்த நிமிடங்களில் இன்னும் நாலு பில் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்களின் கணக்குதான் கெடுகிறது. லேசர் பிரிண்டரை அதில் மாட்டினால் அதுவும் இல்லை: தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் சூடேற்றி, ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான வாட்களை ஒரே இழுப்பில் இழுக்கும். யுபிஎஸ் கீச்சிட்டு அணைந்துவிடும். பேட்டரிக்கு வெயில் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் சுமார் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. சென்னையின் மே மாதத்தில், ஷட்டர் இறக்கிய கடைக்குள், மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வைத்த யுபிஎஸ் எத்தனை ஆண்டு தாங்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போகும் நொடியில் கணினி ரீஸ்டார்ட் ஆனால், பேட்டரியை மட்டும் குறை சொல்ல வேண்டாம். மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாற யுபிஎஸ் எடுப்பது சில மில்லி விநாடிகள். கணினிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்-இன் மின்தேக்கிகள் சுமார் 16 மில்லி விநாடிக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். வயதான எஸ்எம்பிஎஸ்ஸால் அது முடிவதில்லை.

வட்டு, கை, கரண்ட் மூன்றையும் தாண்டி வருவது வேண்டுமென்றே செய்யப்படும் தாக்குதல். நாட்பெட்யாவுக்கு ஆறு வாரம் முன்பு, 2017 மே 12 அன்று வான்னாக்ரை வந்தது. கோப்புகளை மறையாக்கம் செய்து பூட்டி, திறவுகோலுக்குப் பிட்காயினில் பணம் கேட்கும் ரான்சம்வேர் அது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்த வேண்டும். கணினி வழக்கம்போல ஓடும், அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

ரான்சம்வேர் பூட்டும்போது சி டிரைவ், டி டிரைவ் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. கணினிக்குத் தெரியும் எல்லா டிரைவும் அதற்கும் தெரியும். பேக்கப் எடுக்கவென்று வாங்கிய எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கை 24 மணி நேரமும் மாட்டியே வைத்திருக்கும் கடைகளில், கணக்கும் பேக்கப்பும் ஒரே சாவியில் பூட்டப்படும்.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், டிஜிட்டல் படங்களைப் பாதுகாப்பது பற்றி 2005-இல் எழுதிய நூலில் 3-2-1 என்ற கணக்கைச் சொன்னார். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். கல்யாண ஆல்பங்களைத் தொலைத்துவிட்டு மாட்டிக்கொள்ளும் அபாயத்தில் இருப்பவர்களிடமிருந்து வந்ததாலோ என்னவோ, இன்றுவரை இதைவிட எளிய ஏற்பாடு வரவில்லை. “வேறு இடம்” என்பதை மிகையென்று நினைப்பவர்கள் 2015 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். அடையாறு கரைபுரண்டபோது ஈக்காட்டுத்தாங்கல், கிண்டிப் பகுதிகளின் சிறு தொழிற்கூடங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்து மேசையில் கணினியும், அதே மேசையின் இழுப்பறையில் பேக்கப் பென் டிரைவும் இருந்தால் வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். (நனைந்த வட்டை வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்ப்பதும் கூடாது. உள்ளே படிந்த சேறு, முதல் சுழற்சியிலேயே தட்டைக் கீறிவிடும். ஆன் செய்யாமல் மீட்பு நிபுணரிடம் கொடுத்தால் வாய்ப்பு உண்டு.)

சிறுகடைக்கு இதன் செலவு பயப்படும்படி இல்லை. ஒரு மளிகைக் கடையின் ஓராண்டு டாலி கணக்கு பெரும்பாலும் சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இலவசம். டாலி பிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தினால் வரும் பட்டியலிலேயே பேக்கப் இருக்கிறது. டாலி திறந்திருக்கும்போதே டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யும் பழக்கம்தான் ஆபத்து: ஒரு கோப்பு காப்பியாகும்போது இன்னொன்று மாறிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாத பிரதி கிடைக்கும். இரண்டு பென் டிரைவ்களை வாரம் மாற்றி வாரம் பயன்படுத்தி, ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அன்றன்றைய பேக்கப்புக்குத் தேதியைப் பெயராக வைத்து, பழையதன் மேல் எழுதாமல் தனித்தனியாக கூகுள் டிரைவில் ஏற்றினால் மீதியும் தீரும். வாடிக்கையாளர்களின் போன் எண்ணும் கடன்பாக்கியும் அந்தப் பென் டிரைவில் இருப்பதால் அதற்கு ஒரு பாஸ்வேர்டு போடுவது மரியாதை.

இது வெறும் முன்னெச்சரிக்கை மட்டுமில்லை, சட்டமும்கூட என்பது பல வணிகர்களுக்குத் தெரியாது. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். 2023-24 நிதியாண்டின் கணக்கு 2030 டிசம்பர் இறுதிவரை இருக்க வேண்டும். கணினியில் கணக்கு வைத்திருப்பவர்கள் முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்றும், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ பதிவு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி அது இருக்க வேண்டும் என்றும் விதிகள் சொல்கின்றன. “கம்ப்யூட்டர் கிராஷ் ஆயிடுச்சு” என்ற பதிலை அதிகாரி ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.

அந்த விதியில் “மீட்கும்படி” என்பதுதான் கனமான பகுதி. மென்பொருள் உருவாக்குவோர் தங்கள் நிரல்களைப் பாதுகாக்கப் பயன்படுத்தும் கிட்லேப் என்ற சேவையில், 2017 ஜனவரி 31 இரவு ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவுத்தளம் கிட்டத்தட்ட முழுதும் போய்விட்டது. ஐந்து வகையான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். ஒன்று பதிப்பு முரண்பாட்டால் பல நாளாக ஓடவே இல்லை. ஓடவில்லை என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச்சேராமல் இருந்தன. மற்றவையும் உதவும் நிலையில் இல்லை. கடைசியில் கைகொடுத்தது, விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுக்கப்பட்டிருந்த பிரதி. மீட்புப் பணியை நிறுவனம் யூடியூபில் நேரலையாகவே காட்டியது. அந்த ஆறு மணி நேரத்தின் தகவல்கள் திரும்பவில்லை.

தொழிலே கணினியாக இருப்பவர்களுக்கு இது நடக்கிறதென்றால், ஏஎம்சி எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் ஜவுளிக்கடையில் நடக்காது என்று சொல்வதற்கில்லை. ஆகவே ஏஎம்சி-க்காரரிடம் “பேக்கப் ஓடுதா?” என்று கேட்டால் போதாது. ஓடுகிறது என்றுதான் சொல்வார், அவர் பார்த்தவரை அது உண்மையாகவும் இருக்கும். கேட்க வேண்டியது, “போன மாசப் பேக்கப்பை இப்ப என் கண்ணு முன்னாடி திறந்து காட்டுங்க” என்று. அதைக் கடைக் கணினியில் செய்யக்கூடாது; அதே ஃபோல்டரில் ரீஸ்டோர் கொடுத்தால் பழைய கணக்கு நடப்புக் கணக்கின் மேல் ஏறிவிடக்கூடும். வீட்டிலிருக்கும் லேப்டாப்பில் ஒரு புது ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண், அன்றைய ரொக்க இருப்பு, ஏதாவது ஒரு பழைய வாடிக்கையாளரின் பாக்கி ஆகிய மூன்றையும் கடைக் கணினியோடு ஒப்பிட வேண்டும். முதல் தடவை அரைமணி நேரம் ஆகும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பதற்கு முன்பே ஒருமுறை செய்துவிடுவது நல்லது, ஏப்ரலில் ஏஎம்சி-க்காரரின் போன் எப்போதும் பிஸியாகவே இருக்கும்.